எதிர்ப்பு வராதுன்னு நினைச்ச இடம்: மெம்பிஸ் மக்களின் கதை

1/


போன்ல ஏஐ கிட்ட ஒரு கேள்வி கேக்குறீங்க. ரெண்டு செகண்ட்ல பதில் வந்துடுது. எங்கேயோ ஒரு கட்டடத்துக்குள்ள ராப்பகலா கரண்ட் இழுத்துக்கிட்டு ஓடுற ஆயிரக்கணக்கான சிப்புகள்தான் அந்தப் பதிலைத் தருது. அந்தக் கரண்ட்டுக்காக எரியுற வாயுவோட புகை யார் வீட்டு ஜன்னல் வழியா உள்ள போகுது?

அமெரிக்காவில் டென்னசி மாநிலம், மெம்பிஸ் நகரத்தின் தென்மேற்குப் பகுதி. அங்க இருக்கிறவங்க இந்தக் கேள்வியை நேரடியா எதிர்கொண்டாங்க. அவங்க ஒண்ணு சேர்ந்த வரலாறுதான் இந்த த்ரெட்.

2/
மெம்பிஸ்னு சொன்னா வரலாறு படிச்சவங்களுக்கு 1968 ஞாபகம் வரும்.

அந்த வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி, குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி ரெண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தாங்க. அதைத் தொடர்ந்து சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினாங்க. அவங்களுக்கு ஆதரவா வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4-ஆம் தேதி அதே ஊர்லதான் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உழைக்கிறவங்க ஒண்ணு கூடித் தெருவுக்கு வர்றது அந்த ஊருக்குப் புதுசு இல்லை.

3/
தென்மேற்கு மெம்பிஸில் பாக்ஸ்டவுன்னு ஒரு குடியிருப்பு இருக்கு. அடிமைத்தளையில் இருந்து விடுதலையான கறுப்பின மக்கள் 1860-களில் உருவாக்கின ஊர். ரயில் சரக்குப் பெட்டிகளில் இருந்து கிடைத்த மரத்தை வச்சு வீடு கட்டிக்கிட்டதால இந்தப் பேர்னு சொல்றாங்க.

சொந்த நிலம், சொந்த வீடு, பரம்பரையா கைமாறுற மனை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல அப்படித்தான். இந்த நிலம்தான் பின்னாடி நடந்த போராட்டத்துக்கே அடிப்படை. மனசுல வச்சுக்கோங்க.

4/
அந்த மக்களைச் சுத்தி என்னென்ன வந்துச்சுன்னு பாருங்க.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை.

1959-ல் தொடங்கி 2018 வரை ஓடின அனல் மின் நிலையம்.

அந்த நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் குட்டைகள். 2017-ல் அந்த வளாகத்தின் மேல்மட்ட நிலத்தடி நீரைச் சோதிச்சப்போ, குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவைவிட 300 மடங்குக்கும் மேல ஆர்செனிக் இருந்தது.

2013-ல் மெம்பிஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு வந்துச்சு. காற்றில் இருக்கும் நச்சுப் பொருட்களால் தென்மேற்கு மெம்பிஸ் மக்களுக்கு வரக்கூடிய புற்றுநோய் அபாயம், அந்த நாட்டுச் சராசரியைவிட 4 மடங்குன்னு அது கணக்கிட்டுச் சொன்னது.

5/
ஒரு டாக்டரா இங்க ஒரு விஷயம் சொல்லணும்.

வீசிங்கோட ஒரு குழந்தை வருது. நெபுலைசர் வைக்கிறோம், மருந்து கொடுக்கிறோம், சரியாகி வீட்டுக்குப் போகுது. "இந்த ஆலையால தானா சார்?"னு அம்மா கேட்டா, அந்த ஒரு குழந்தையை மட்டும் வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. பரம்பரை, வீட்டு ஒட்டடை, அடுப்புப் புகை, வைரஸ் காய்ச்சல்னு காரணம் பல இருக்கு.

மாசு உண்டாக்குறவங்களுக்கு இந்த நிச்சயமின்மைதான் கவசம். தனி ஆளா யாராலும் நிரூபிக்க முடியாது. தெருவே சேர்ந்து கணக்கு எடுத்தால்தான் உண்மை தெரியும். ஊர் ஒண்ணு சேர்றதுக்கு மருத்துவ ரீதியாவே ஒரு தேவை இருக்குன்னு நான் சொல்றது இதனாலதான்.

6/
இப்போ 2019-க்கு வருவோம்.

கச்சா எண்ணெய் கொண்டு போக பைஹேலியா கனெக்ஷன்னு 49 மைல் நீளத்துக்கு ஒரு குழாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. வலேரோ, பிளெயின்ஸ்னு ரெண்டு பெரிய நிறுவனங்களின் கூட்டு முயற்சி. பாதை தென்மேற்கு மெம்பிஸின் கறுப்பினக் குடியிருப்புகள் வழியா.

2020 பிப்ரவரியில் ஒரு மக்கள் கூட்டம். ஏன் இந்தப் பாதைன்னு கேட்டதுக்கு, நிறுவனத் தரப்பில் பேசினவர் சொன்ன பதிலின் சாரம்: எதிர்ப்பு மிகக் குறைவா இருக்கும் இடமா பார்த்து எடுத்தோம்.

அந்த வார்த்தைக்காக நிறுவனம் பின்னாடி வருத்தம் தெரிவிச்சது. ஆனா சொன்னது சொன்னதுதானே. வருஷக்கணக்கா அந்த மக்கள் மனசுல இருந்த சந்தேகத்தை எதிர்த்தரப்பே வாய்விட்டுச் சொல்லிடுச்சு.

7/
அந்த வருஷம் அக்டோபரில் ஜஸ்டின் பியர்சன், கேத்தி ராபின்சன், கிஸ்ஸி ஜோன்ஸ் ஆகியோர் சேர்ந்து குழாய்க்கு எதிரான ஓர் அமைப்பை ஆரம்பிச்சாங்க. சுருக்கமா எம்சிஏபி. ஜஸ்டின் அந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர், அப்போ வயசு 25.

கோவிட் காலம் அது. கூட்டம் போடுறதே கஷ்டம். ஆனாலும் கையில் இருந்த ரெண்டு விஷயத்தைச் சரியா பிடிச்சாங்க.

ஒண்ணு, நிலம். கட்டாயமா நிலம் எடுக்க நிறுவனம் வழக்கு போட்டப்போ, சில உரிமையாளர்கள் கையெழுத்துப் போட மறுத்து கோர்ட்டுக்குப் போனாங்க.

இன்னொண்ணு, தண்ணி. மெம்பிஸ் நகரம் மொத்தமும் குடிக்கிறது நிலத்தடி நீர். மெம்பிஸ் மணல் நீர்த்தேக்கம்னு பேரு. குழாய் அந்த நீர் எடுக்கும் கிணறுகள் இருக்கும் பகுதி வழியா போக இருந்தது.

8/
இந்த ரெண்டாவது விஷயம் எவ்வளவு புத்திசாலித்தனம்னு யோசிங்க.

"எங்க தெருவுல குழாய் வேண்டாம்"னு சொன்னா, அது ஒரு தெருவோட பிரச்சினை. "நம்ம எல்லார் குடிதண்ணி மேலயும் எண்ணெய்க் குழாய் போகுது"ன்னு சொன்னா, ஊருக்கே பிரச்சினை. வசதியான பகுதியில் இருக்கிறவங்களும் அதே தண்ணியைத்தானே குடிக்கிறாங்க.

ஏற்கெனவே நிலத்தடி நீருக்காக வேலை செஞ்சுக்கிட்டிருந்த அமைப்பு சேர்ந்தது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள் சேர்ந்தாங்க. 2021 மார்ச்சில் முன்னாள் துணை அதிபர் அல் கோர் வந்து பேசினார். நகர மன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது.

2021 ஜூலை 2. திட்டம் கைவிடப்பட்டது. கோவிட்டால் எண்ணெய் உற்பத்தி குறைஞ்சதுதான் காரணம்னு நிறுவனம் சொன்னது. கூட்டம் கூட்டமா வந்து நின்ன மக்களுக்கு அவங்களோட கணக்கு தெரியும்.

9/
ஜெயிச்ச பிறகு நிறைய அமைப்புகள் கலைஞ்சு போயிடும். இவங்க கலையலை. பேர்ல குழாயை எடுத்துட்டு "மாசு"ன்னு மாத்திக்கிட்டாங்க.

அடுத்து எத்திலீன் ஆக்சைடு. நாங்க ஆஸ்பத்திரியில் சொல்ற இ.டி.ஓ.

கதீட்டர், ட்யூப் மாதிரி சூடு தாங்காத பொருட்களைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் வாயு. வார்டுல நாங்க தினமும் பிரிக்கிற பாக்கெட்டுகள் பலவற்றில் அந்த முத்திரை இருக்கும். உயிர் காக்கிற வேலைதான். ஆனா சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு வகைப்படுத்திடுச்சு.

அப்படி ஒரு கிருமிநீக்க ஆலை தெற்கு மெம்பிஸில் வீடுகளுக்கு நடுவுல பல பத்தாண்டுகளா ஓடிச்சு. 2022-ல் மத்திய சுற்றுச்சூழல் முகமை நாடு முழுக்க அபாயம் அதிகம்னு அடையாளம் காட்டின 23 ஆலைகளில் இதுவும் ஒண்ணு. மக்கள் விடாம அழுத்தம் கொடுத்தாங்க. 2024-ல் ஆலை அங்கிருந்து மூடப்பட்டது.

கிருமிநீக்கமே கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ஒரு நோயாளிக்குச் சுத்தமான கதீட்டர் கிடைக்க, இன்னொரு ஊர்க் குழந்தை அந்தக் காத்தைச் சுவாசிக்கணுமா? வாயு வெளியே கசியாமப் பிடிச்சு வைக்கத் தொழில்நுட்பம் இருக்கு. அதுக்குச் செலவாகும். கேள்வி அந்தச் செலவைப் பத்தினதுதான்.

10/
அந்த ஆலை மூடின அதே 2024. ஜூன் 5-ஆம் தேதி ஒரு அறிவிப்பு வருது.

எலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனம், தென்மேற்கு மெம்பிஸில் மூடிக் கிடந்த எலக்ட்ரோலக்ஸ் தொழிற்சாலையில் பிரம்மாண்டமான சூப்பர் கம்ப்யூட்டர் அமைக்கப் போகுது. பேர் கொலோசஸ். பாக்ஸ்டவுனில் இருந்து சில மைல் தூரம்.

நகர மன்ற உறுப்பினர்கள் பலருக்கே செய்தி வந்தப்பதான் விஷயம் தெரியும்.

122 நாளில் கட்டி முடிச்சதா நிறுவனம் பெருமையா சொல்லிக்கிச்சு. முதல் கட்டத்திலேயே 1 லட்சம் சிப்புகள்.

11/
இவ்வளவு வேகமா கட்டடம் வரும், சிப்பும் வரும். கரண்ட் வராது. மின் நிறுவனம் 150 மெகாவாட்டுக்கு ஒப்புதல் கொடுத்ததே 2024 நவம்பரில்தான்.

அதனால லாரியில் கொண்டு வந்து இறக்கக்கூடிய இயற்கை எரிவாயு டர்பைன்களை வரிசையா நிறுத்தி எரிக்க ஆரம்பிச்சாங்க. காற்று மாசு பர்மிட் இல்லாம. ஒரு வருஷத்துக்குள்ள எடுத்துடுற தற்காலிக இயந்திரம், பர்மிட் தேவையில்லைங்கிறது அவங்க தரப்பு வாதம்.

டர்பைன் புகையில் முக்கியமானது நைட்ரஜன் ஆக்சைடு. வெயில் பட்டா அது மற்ற வாயுக்களோட சேர்ந்து தரைமட்ட ஓசோனா மாறும். வானத்தில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. மூக்குக்கிட்ட வந்தா மூச்சுக்குழாயின் உள்சவ்வைப் புண்ணாக்கும். ஆஸ்துமா இருக்கும் குழந்தை, சிஓபிடி இருக்கும் பெரியவர்னு இவங்களுக்குத்தான் முதல் அடி. அதோட ஃபார்மால்டிஹைடும் வரும், அதுவும் புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறதுதான்.

12/
மக்கள் என்ன செஞ்சாங்க?

உள்ள போய்ப் பார்க்க முடியாது. அதனால சுற்றுச்சூழல் வழக்கறிஞர் அமைப்பு மேலிருந்து விமானத்தில் படம் எடுத்தது. 35 டர்பைன்கள், மொத்தத் திறன் சுமார் 420 மெகாவாட். 15 தான் ஓடுதுன்னு நகர மேயர் சொன்னார். உடனே வெப்பத்தைக் காட்டும் கேமராவில் படம் எடுத்தாங்க. 33 இயந்திரங்களில் இருந்து சூடு வெளிவந்துக்கிட்டிருந்தது.

ஆளுக்கு ஒரு கருத்து சொல்லலாம். தெர்மல் படத்தோட யார் வாதாடுறது?

நடுவுல, அந்தக் குடியிருப்புகளுக்குப் பேர் தெரியாத குழு ஒண்ணு, டர்பைன்களில் இருந்து மாசு குறைவுதான்னு துண்டறிக்கை அனுப்பிச்சது.

13/
2025 ஏப்ரல் 25. ஒரு பள்ளிக்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம்.

நம்ம ஊர்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிற பர்மிட் வேலையை அங்க கவுண்டி சுகாதாரத் துறை பார்க்குது. நூற்றுக்கணக்கானவங்க வந்தாங்க. இப்போ எம்சிஏபியை நடத்துறவர் ஜஸ்டினின் சகோதரர் கீஷான் பியர்சன். ஜஸ்டின் 2023-லயே மாநில சட்டமன்றத்துக்குப் போயிட்டார். குழாய்ப் போராட்டத்தில் கத்துக்கிட்ட ஊர் இப்போ பழகின ஊரா வந்து நின்னது.

ஜூனில், கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்ஏஏசிபி, வழக்குத் தொடரப் போறதா நோட்டீஸ் கொடுத்தது.

ஜூலை 2. சுகாதாரத் துறை 15 டர்பைன்களுக்கு பர்மிட் கொடுத்துடுச்சு.

ஆமா, குழாய்த் திட்டம் கைவிடப்பட்ட அதே தேதி. 4 வருஷம் கழிச்சு.

14/
மறுபக்கத்தையும் சொல்லணும். நகரத்துக்கு வரி வருமானம் வருது, அதில் ஒரு பங்கு சுற்றுப்புறக் குடியிருப்புகளுக்குன்னு நகர மன்றம் ஒதுக்கிச்சு. குளிரூட்ட நிலத்தடி நீரை எடுக்காம கழிவுநீரைச் சுத்திகரிச்சுப் பயன்படுத்த நிலையம் கட்டுறதா நிறுவனம் சொல்லுது. நகராட்சி காத்தைச் சோதிச்சு அபாய அளவு எதுவும் இல்லைன்னு அறிவிச்சது. ஆனா அந்தச் சோதனையில் ஓசோனை அளக்கவே இல்லைன்னு மக்கள் தரப்பு சுட்டிக்காட்டிச்சு.

பர்மிட் வந்ததால ஒரு நல்லதும் இருக்கு. எவ்வளவு புகை விடலாம், என்ன வடிகட்டி வைக்கணும், எப்படி அளந்து கணக்குக் காட்டணும்னு இப்போ எழுத்தில் இருக்கு. மக்கள் கேள்வி கேட்காம இருந்திருந்தா அதுவும் வந்திருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

15/
சரி, இதில் இருந்து நாம என்ன எடுத்துக்கலாம்?

ரெண்டு போராட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அதே ஊர், கிட்டத்தட்ட அதே ஆளுங்க, அதே வழக்கறிஞர்கள். குழாயில் ஜெயிச்சாங்க, டர்பைனில் பாதிதான் கிடைச்சது. ஏன்?

என் பார்வையில் பதில், நேரம்.

குழாய்க்கு நிலம் வேணும், கையெழுத்து வேணும், அனுமதி வேணும். அறிவிப்புக்கும் பள்ளம் தோண்டுறதுக்கும் நடுவுல மாசக்கணக்கில் அவகாசம் இருந்தது. வீடு வீடா போக, கூட்டம் போட, கோர்ட்டுக்குப் போக அந்த அவகாசம் போதும். டேட்டா சென்டருக்கு ஏற்கெனவே நின்ன கட்டடம், லாரியில் வந்த டர்பைன், 122 நாள். மக்கள் தகவல் கேட்டு மனு எழுதி முடிக்கும் முன்னாடி இயந்திரம் ஓட ஆரம்பிச்சாச்சு.

முன்னாடி எதிர்ப்பு குறைவான இடத்தைத் தேடினாங்க. இப்போ எதிர்ப்பு எழும்பவே நேரம் இல்லாத வேகம் வந்துடுச்சு.

16/
அதனால நீங்க எந்த ஊர்ல இருந்தாலும், பக்கத்துல ஏதாவது பெருசா வருதுன்னு கேள்விப்பட்டா முதல் வாரமே கேட்க வேண்டிய கேள்விகள்:

கரண்ட் எங்கிருந்து? கரண்ட் வர்ற வரைக்கும் எதை எரிக்கப் போறீங்க?
தண்ணி எங்கிருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு?
பர்மிட் யார் கொடுக்கணும்? கொடுத்தாச்சா?
காத்தை யார் அளக்கிறது? ஓசோனையும் அளப்பீங்களா?
வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல எத்தனை குழந்தைகளுக்கு வீசிங் இருந்தது?

கடைசிக் கேள்விதான் எல்லாரும் மறந்துடுறது. ஆலை வந்த பிறகு கணக்கு எடுத்தா, "இது முன்னாடியே இருந்தது"ன்னு சொல்லிடுவாங்க. முன்னாடி எடுத்த கணக்கு கையில் இருந்தா அந்தப் பேச்சு எடுபடாது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் அதுக்கான அடிப்படை ஏற்கெனவே இருக்கு. கேளுங்க, சேர்த்து வைங்க.

நான் ஏஐ-க்கு எதிரி இல்லைங்க. எக்ஸ்ரே படிக்கிறதுல இருந்து நிறைய உதவி வருது, வரட்டும். அதோட பில்லை பாக்ஸ்டவுன் குழந்தையோட நுரையீரல் கட்டக் கூடாதுங்கிறதுதான் என் பேச்சு.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.