கடலில் கொட்டிய மீனும் கைப்பேசி வந்த கதையும்

(பண்ணை இல்ல ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



சமீபத்தில் ஒரு தக்காளித் தோட்டத்துக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எல்லார் கையிலும்தான் போன் இருக்கு. அப்புறம் ஏன் விலை இல்லாம தக்காளியைச் செடியிலேயே விட்டுட்டு வர்றோம்? போன் வந்ததுல நமக்கு என்னதான் லாபம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வயலை விட்டுக் கொஞ்ச நேரம் கடற்கரைக்குப் போக வேண்டும். காலத்திலும் ஒரு முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும். வாருங்கள், போவோம்.

நம் நாட்டில் கைப்பேசியில் முதல் பேச்சு நடந்தது 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அந்த நாளில் உச்ச நேரத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் போலக் கட்டணம். பேசுகிறவருக்கு மட்டுமா? நமக்கு வருகிற அழைப்பை எடுத்துக் கேட்டாலும் காசு! 2003-இல்தான் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆயிற்று. அதுவரை அது பணக்காரர் வீட்டுப் பண்டம், பெரிய வியாபாரியின் சட்டைப்பையில் இருக்கிற பண்டம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆனால் அந்தப் பண்டத்தை ரொம்ப சீக்கிரமே கையில் எடுத்தவர்கள் யார் தெரியுமா? கேரளத்தின் வடகோடியில் மத்தி மீன் பிடிக்கிற மீனவர்கள்.

மத்தியை நீங்கள் அறிவீர்கள். சில ஊரில் சாளை என்பார்கள். ஏழையின் குழம்புச் சட்டிக்கு வருகிற மீன். அதில் ஒரு சங்கடம், பிடித்த அன்றைக்கே விற்றாக வேண்டும். ஐஸ் போட்டு வைத்தால் அந்தச் செலவுக்கு மீன் விலையே கட்டாது. விடியற்காலையில் கரையில் ஏலம் நடக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சந்தை கலைந்துவிடும்.

படகுக்காரர் எந்தக் கரைக்குப் போவார்? வழக்கமாகத் தன் ஊர்க் கரைக்குத்தான். அங்கே விலை எப்படி என்று கடலில் இருக்கிறபோது தெரியாது. கரையில் வந்து பார்த்தால் எல்லாருக்கும் மீன் கிடைத்திருக்கும், வாங்குகிற ஆள் இருக்காது. பக்கத்துச் சந்தைக்குப் போகலாமே என்றால், அங்கே போய்ச் சேருவதற்குள் ஏலம் முடிந்துவிடும். எரிபொருள் செலவு வேறு. கடைசியில் பாடுபட்டுப் பிடித்த மீனைத் திரும்பக் கடலிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதைக் கணக்கெடுத்துப் பார்த்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர். 1996 முதல் 2001 வரை கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகளில், 300 படகுகளை வாரந்தோறும் கணக்கெடுத்தார். 1997 ஜனவரி 14-ஆம் தேதி காலையில் நடந்த ஒரு சங்கதியை அவர் எழுதியிருக்கிறார். வடகரையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டும் நிலையில் நின்றார்கள். அதே நேரத்தில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துச் சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கூடையோடு திரும்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். இங்கே மீன் இருக்கிறது, அங்கே காசு இருக்கிறது. நடுவில் இல்லாதது ஒரு வார்த்தைதான்.

அந்த மாதக் கடைசியில் கோழிக்கோடு பகுதியில் கைப்பேசி வந்தது. 1998-இல் கண்ணூர், 2000-இல் காசர்கோடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கோபுரம் கட்டியவர்கள் மீனவரை நினைத்துக் கட்டவில்லை. ஊர்களும் நெடுஞ்சாலையும் கடலோரமாகவே போகிறபடியால் கோபுரங்களும் கடலோரத்தில் நின்றன. அலை கடலுக்குள்ளும் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. மத்தி பிடிக்கிற இடமும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் வரப்புப் புல்லுக்கும் பொசிந்த மாதிரி ஆயிற்று.

அப்புறம் என்ன ஆயிற்று? வலையை இழுத்ததும் படகிலிருந்தே நாலு சந்தைக்குப் பேசினார்கள். "அங்கே என்ன விலை? எத்தனை படகு வந்திருக்கு?" என்று கேட்டு, விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். முன்பெல்லாம் ஊர்க் கரையை விட்டு வேறு கரையில் விற்பது அபூர்வம். போன் வந்தபின் மூன்றில் ஒரு பங்கு மீனவர்கள் வேறு கரையில் விற்கத் தொடங்கினார்கள்.

ஜென்சன் தம் ஆய்வை 2007-இல் வெளியிட்டார். போனுக்கு முன்னால் அன்றாடம் பிடித்த மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை வீணாய்ப் போயிற்று. போன் வந்த பிறகு அந்த வீணடிப்பு அநேகமாக நின்றே போயிற்று. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவிகிதம் கூடியது. வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது. விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம். கொட்டிப் போன மீன் சட்டிக்கு வந்து சேர்ந்ததால்தான் இது நடந்தது. இன்னொன்றும் கவனியுங்கள், போன் வாங்காத படகுக்கும் கொஞ்சம் லாபம் கூடியது. மற்றவர்கள் வேறு கரைக்குப் போய்விட்டதால் ஊர்க் கரையில் நெரிசல் குறைந்தது அல்லவா?

சரி, "மீனவருக்கு ஆச்சு, நமக்கு ஏன் ஆகலை?" என்று தோட்டத்துக்காரர் கேட்பது காதில் விழுகிறது.

மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். வெங்காயம், தக்காளி, மாதுளை, சோயா விளைவிக்கிற விவசாயிகளுக்குச் சந்தை விலையையும் வானிலையையும் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள். மார்செல் ஃபாஃப்ஷாம், பார்ட் மின்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். விவசாயிக்குக் கிடைத்த விலையில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் ஒன்றும் இல்லை! ஆப்பிரிக்காவில் நைஜர் என்ற நாட்டிலும் இதே மாதிரிதான். போன் வந்தபின் காராமணி விலை ஊருக்கு ஊர் ஏறி இறங்குவது குறைந்தது. ஆனால் விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலை கூடவில்லை. சேமித்து வைக்கக்கூடிய கம்பு, சோளத்தில் அந்த மாற்றமும் தென்படவில்லை.

ஏன் இப்படி? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். மீனவருக்குப் படகு சொந்தக் கையில் இருந்தது. எந்தக் கரைக்கு வேண்டுமானாலும் திருப்பலாம். நமக்கு? வேறு சந்தையில் விலை கூட என்று போன் சொல்கிறது, சரி. அங்கே கொண்டு போக வண்டி வேண்டும். பத்துக் கூடைக்குத் தனி வண்டி பிடித்தால் வாடகையே விலையை விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை கடன். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த மண்டிக்காரரிடமே சரக்கைப் போட வேண்டும் என்றால், நாலு ஊர் விலை தெரிந்து என்ன பயன்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

இதுவும் கடற்கரைக்குப் புதிதல்ல. போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே, தெற்குக் கேரளத்து மீனவர்கள் ஏலக்காரரிடம் பட்ட கடனால் அவரிடமே மீனைப் போட வேண்டிய கட்டு இருந்தது. திருவனந்தபுரம் பக்கம் மரியநாடு போன்ற ஊர்களில் மீனவர்களே சங்கம் வைத்து, ஏலத்தைத் தாங்களே நடத்தி, கடனையும் சேமிப்பையும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அது பரவியது. விலையைக் கேட்க போன் போதும். கேட்ட விலைக்கு விற்க, கட்டில்லாத கை வேண்டும்.

போனுக்கு எல்லையும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் பலர் பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போயிருந்தார்கள். கரையில் எச்சரிக்கை வந்தது, ஆனால் அவ்வளவு தூரத்துக்குக் கைப்பேசி எட்டவில்லை. எத்தனை குடும்பங்கள் அன்று ஆளை இழந்தன என்பதை அந்தக் கடற்கரை மறக்காது. எட்டுகிற இடத்தில் உதவுகிற கருவியை, எட்டாத இடத்திலும் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது.

நம் ஊர் அனுபவத்தையும் நினைத்துக்கொள்வோம். 1960-களின் பிற்பாதியில் ஏ.டி.டி. 27 நெல் வானொலி வழியாகத் தஞ்சைப் பகுதியில் பரவியது. ஜனங்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். வானொலி சொல்லும், நாம் கேட்போம். போனில் நாம் திருப்பிக் கேட்கலாம். அதுதான் வித்தியாசம். 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்துக்கு 1800-180-1551 என்ற எண்ணில் காசில்லாமல் பேசி, தமிழிலேயே பயிர்ச் சந்தேகம் கேட்கலாம்.

ஆகவே, தக்காளித் தோட்டத்துத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். "பறிக்கிறதுக்கு முந்தின நாளே மூணு சந்தை விலை கேளுங்க. தனியா போகாதீங்க, அக்கம்பக்கத்துல அஞ்சாறு பேர் சேர்ந்து ஒரே வண்டி பிடிங்க. முடிஞ்ச வரைக்கும் விக்கிற இடத்துல கடன் வாங்காதீங்க, கூட்டுறவுச் சங்கத்துல வாங்குங்க. அப்புறம் பாருங்க, போனுக்கு மதிப்பு வரும்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ முதல்ல போன் பண்ண வேண்டியது சந்தைக்கு இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு, அப்படித்தானே அண்ணே?" என்றார்.

அப்படித்தான், நேயர்களே.