தகுதிச்சுற்றின் தொலைவு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இரண்டு ஸ்நூக்கர் போட்டிகள் நடைபெறுகின்றன. ஒன்று, 1977 முதல் க்ரூசிபிள் அரங்கில் நடந்துவரும் உலக சாம்பியன் போட்டி. அதை உலகமே தொலைக்காட்சியில் காண்கிறது. மற்றொன்று, அதற்குச் சில நாள்கள் முன்பாக, அதே நகரின் விளையாட்டு வளாகம் ஒன்றில் தட்டிகளால் பிரிக்கப்பட்ட மேஜைகளில், விரல்விட்டு எண்ணத்தக்க பார்வையாளர்கள் முன்னிலையில் நடைபெறும் தகுதிச்சுற்று. க்ரூசிபிளில் ஆடும் 32 பேரில் முன்னணி 16 பேருக்கு நேரடி இடம் உண்டு. எஞ்சிய 16 இடங்களுக்காக நூற்றுக்கும் மேற்பட்டோர் மோதுகின்றனர்.

2025-இல் அந்தத் தட்டிகளுக்குள்ளிருந்து ஒரு சாம்பியன் வந்தார். சீனாவைச் சேர்ந்த ஜாவோ சின்டோங், தொழில்முறை உரிமம்கூட இல்லாத நிலையில், தகுதிச்சுற்றில் நான்கு ஆட்டங்களையும் க்ரூசிபிளில் ஐந்து ஆட்டங்களையும் வென்று, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்ற கணக்கில் தோற்கடித்தார். உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியர் என்று நாளேடுகள் அவரைக் கொண்டாடின. அது உண்மைதான். ஆனால், அவர் பல ஆண்டுகள் ஷெஃபீல்டிலேயே தங்கிப் பயின்றவர் என்பது அந்தக் கொண்டாட்டத்தில் அதிகம் பேசப்படவில்லை. ஆசியாவிலிருந்து வென்றார் என்பதைவிட, ஆசியாவை விட்டு வந்து வென்றார் என்பதே பொருத்தமாக இருக்கும்.

தகுதிச்சுற்று என்பது திறமையை அளக்கும் கருவி. அந்தக் கருவி ஒரே நாட்டில் வைக்கப்பட்டிருக்கும்போது, திறமையை அளப்பதற்கு முன்னால், அந்த நாட்டில் வாழ யாருக்கு வசதியும் அனுமதியும் இருக்கின்றன என்பதை அளந்துவிடுகிறது. ஸ்நூக்கரில் இதுதான் நடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இது இந்தியாவில் பிறந்த ஆட்டம். 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் அல்லர்) இதை உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. அதன் விதிகள் 1882-இல் நம் உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. பின்னர் கப்பலேறிச் சென்ற ஆட்டம், 1927-இல் முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தபோது முழுக்க முழுக்க ஆங்கிலேய ஆட்டமாகிவிட்டிருந்தது. அதை ஆட விரும்பும் ஆசியரும் இன்று அதே வழியில் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

தொழில்முறைச் சுற்றின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் சிக்கல் விளங்கும். ஏறத்தாழ 130 பேர் கொண்ட இந்தச் சுற்றில் புதிதாக நுழைபவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கான உரிமம் வழங்கப்படும். 2014 முதல், வென்ற பரிசுத் தொகையே தரவரிசைப் புள்ளியாகவும் கணக்கிடப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் முடியும்போது முதல் 64 இடங்களுக்குள் இருப்பவர் நீடிப்பார். மற்றவர்களில் மிகச் சிலர் தவிர ஏனையோர் வெளியேற வேண்டும். பல போட்டிகளில் முதல் ஆட்டத்திலேயே தோற்பவருக்குப் பணமும் இல்லை, புள்ளியும் இல்லை. 2025 உலகப் போட்டியில் பட்டம் வென்றவருக்கு 5 லட்சம் பவுண்டு. தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு எதுவும் கிடையாது.

தகுதிச்சுற்றுகளில் பெரும்பாலானவை பார்ன்ஸ்லி, லெஸ்டர், விகன், ஷெஃபீல்டு போன்ற ஆங்கிலேய நகரங்களில் நடைபெறுகின்றன. சீனாவில் நடக்கவிருக்கும் போட்டிக்கான தகுதிச்சுற்றும் அங்கேதான். சீன இளைஞர் ஒருவர் தம் நாட்டு அரங்கில் ஆடுவதற்கு முதலில் யார்க்ஷயரில் வெல்ல வேண்டும். அந்த ஆட்டமோ பெரும்பாலும் ஏழு அல்லது ஒன்பது ஃபிரேம்களைக் கொண்டது. ஏழு ஃபிரேம் ஆட்டத்தில் எதிராளி நான்கை வென்றுவிட்டால் கதை முடிந்தது. பத்து மணி நேரத்துக்கும் மேலாக விமானத்தில் வந்தவர் ஒன்றரை மணி நேரத்தில் பெட்டியைக் கட்ட நேரிடலாம். உள்ளூர்க்காரர் தோற்றால் காரில் ஏறி வீடு திரும்புகிறார். இருவரின் தோல்விக்கும் மதிப்பெண் பட்டியலில் ஒரே குறியீடுதான்.

மேஜையும் இவர்களுக்குச் சாதகமாக இருப்பதில்லை. போட்டி மேஜைகளின் அடியில் வெப்பமூட்டும் அமைப்பு உண்டு. மெல்லிய கம்பளித் துணி ஈரமின்றி இருக்கும். பந்து வேகமாக ஓடும். ஈரக்காற்று மிகுந்த ஆசிய நகரமொன்றில், வெப்பமூட்டப்படாத மேஜையில் பழகிய கை, அதே விசையில் அடித்தால் வெள்ளைப் பந்து இரண்டு அடி தாண்டிச் சென்று நிற்கும். இந்த ஆட்டத்தில் இரண்டு அங்குலமே அதிகம். புதிய வேகத்துக்குக் கை பழகச் சில வாரங்களாவது வேண்டும். அதற்கு அந்த நாட்டில் தங்கியிருக்க வேண்டும்.

ஆகவே, தீவிரமாக ஆட விரும்புபவருக்கு ஒரே வழி, குடிபெயர்வது. 1992 கோடையில் பிளாக்பூலின் நார்பிரெக் கேசில் விடுதியில் நடந்த நெடிய தகுதிச்சுற்றுகளில், பதினாறு வயது ரோனி ஓ'சல்லிவன் 76 ஆட்டங்களில் 74-ஐ வென்ற கதை ஸ்நூக்கர் உலகில் புகழ்பெற்றது. அந்தச் சாதனையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவருக்கு அது சொந்த நாட்டின் ஒரு கடற்கரை நகரம். ஆசியாவிலிருந்து எழுந்த முதல் பெரும் ஆட்டக்காரரான தாய்லாந்தின் ஜேம்ஸ் வத்தனா, பிராட்ஃபோர்டில் குடியேறித்தான் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை உயர்ந்தார். 1992-இல் அவர் இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த நாள்களில்தான் பாங்காக்கில் அவருடைய தந்தை சுடப்பட்டு இறந்தார். ஆஸ்திரேலியாவின் நீல் ராபர்ட்சன் 500 பவுண்டோடு இங்கிலாந்து வந்ததைப் பல முறை கூறியிருக்கிறார். உரிமத்தை இழப்பதும் மீட்பதுமாகப் பல ஆண்டுகளைக் கழித்த பின் 2010-இல் அவர் உலக சாம்பியனானார். அந்த 500 பவுண்டுடன் வந்து பின்னர் திரும்பிச் சென்ற மற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

ராபர்ட்சனிடம் இருந்த ஒன்று பலரிடம் இல்லை. எளிதில் விசா கிடைக்கும் கடவுச்சீட்டுதான் அது. ஈரானின் ஹொசைன் வஃபாயி 2011-இல் பெங்களூரில் நடந்த உலக அமெச்சூர் போட்டியில் தம் பதினேழாம் வயதில் பட்டம் வென்றார். தொழில்முறை உரிமம் தேடி வந்தது. ஆனால், விசா வரவில்லை. உரிமக் காலத்தின் பெரும்பகுதி அவர் தம் நாட்டில் காத்திருந்தபடியே கரைந்தது. முறையாக ஆடத் தொடங்கச் சில ஆண்டுகளாயின. 2022-இல் தரவரிசைப் பட்டம் ஒன்றை வென்று, அதே ஆண்டில் தகுதிச்சுற்றைத் தாண்டி க்ரூசிபிளில் ஆடிய முதல் ஈரானியர் ஆனார். பதினேழுக்கும் இருபத்தேழுக்கும் இடைப்பட்ட காலம் ஓர் ஆட்டக்காரரின் வாழ்வில் எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர் தோற்ற ஆட்டங்களைவிட, ஆடாத ஆட்டங்களே அவருக்கு அதிக இழப்பைத் தந்தன.

நம் நாட்டு அனுபவம் வேறு வகை. இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் பெற்ற பெங்களூரின் பங்கஜ் அத்வானி 2012-இல் தொழில்முறைச் சுற்றில் சேர்ந்தார். 2013 வேல்ஸ் ஓபனில் கால் இறுதி வரை சென்றார். திறமை போதவில்லை என்று எவரும் கூற முடியாத அந்த நிலையில், 2014-இல் உரிமத்தைத் துறந்து நாடு திரும்பினார். ஆண்டின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழிக்கும் வாழ்க்கையை அவர் விரும்பவில்லை. 2013-இல் தில்லியில் நடந்த இந்தியன் ஓபனில் ஆதித்ய மேத்தா இறுதிச்சுற்றை எட்டியபோது ஒரு புதிய அலை எழும் என்று பலரும் நம்பினர். அலை எழவில்லை. நம் இளைஞர்களிடம் மன உறுதி இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. வீட்டை விட்டு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ மறுப்பதை மன உறுதியின்மை என்று கூறுவது எவ்வகையில் நியாயம் என்று தெரியவில்லை.

சீனர்களின் வழி கூட்டாகக் குடியேறுவது. ஷெஃபீல்டில் உள்ள பயிற்சிக்கூடங்களைச் சுற்றிப் பதின்வயதுச் சிறுவர்களும் இளைஞர்களும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் பயின்று, ஒன்றாக உண்டு வாழ்கின்றனர். தனிமைக்கு அது மருந்து. அதே நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. 2023-இல் சூதாட்ட முறைகேடு தொடர்பாகப் பத்து சீன ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டனர். இருவருக்கு வாழ்நாள் தடை. ஜாவோவும் அவர்களில் ஒருவர். தாமே ஓர் ஆட்டத்தைத் தோற்றுக்கொடுத்ததாக அவர்மீது குற்றச்சாட்டு இல்லை. பிறரின் முறைகேட்டில் பங்கு கொண்டதற்கும் பந்தயம் கட்டியதற்கும் 20 மாதத் தடை பெற்றார். தொலைவும் பணமின்மையும் குற்றத்துக்குச் சமாதானம் ஆகா. அதே துன்பத்தில் நேர்மையாக இருந்தவர்களே அதிகம். எனினும், மொழி தெரியாத நாட்டில், மூத்த ஆட்டக்காரர் ஒருவரையே எல்லாவற்றுக்கும் நம்பியிருக்கும் இளைஞன் எளிதில் வளைக்கப்படுவான் என்பதை நிர்வாகம் முன்னரே எண்ணியிருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்டக்காரர்களிடமும் குறை உண்டு. அதில் நியாயமும் உண்டு. சீனப் போட்டிகள் பெருகியபின் அவர்களும் சொந்தச் செலவில் கண்டம் தாண்டுகின்றனர். முன்பு, தகுதிச்சுற்றில் வென்று சீனா சென்றவர், அங்கே சிறப்பு அனுமதி பெற்ற உள்ளூர் வீரருடன் இன்னோர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் இருக்கும்போது தகுதிச்சுற்றையும் அங்கே நடத்துவதே சிக்கனம் என்பது நிர்வாகத்தின் வாதம். அது சரியான கணக்குத்தான். ஆனால் அங்கே நடத்துவதால்தான் பெரும்பாலோர் அங்கே இருக்கின்றனர் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

சில மாற்றங்கள் வந்துள்ளன. 2022-23 பருவம் முதல் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வருவாய்க்கு உறுதியளிக்கப்பட்டது. இன்றைய மதிப்பில் ரூ.20 லட்சத்துக்கும் மேல். பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் அது கூடுதல் ஊதியம் அன்று. வெல்லும் பரிசில் கழித்துக்கொள்ளப்படும் முன்பணம். வாடகை, பயணம், பயிற்சி மேஜைக் கட்டணம், வரி ஆகியவற்றுக்குப் பின் மிஞ்சுவது சொற்பம். பெற்றோர் வீட்டில் வசிக்கும் ஆங்கிலேய இளைஞருக்கு அது உதவித்தொகை. பிறநாட்டவருக்கு அது வாடகைப் பணம்.

அதைவிடப் பயனுள்ளது, 2022-இல் ஆசிய, ஓசியானிய ஆட்டக்காரர்களுக்கென பாங்காக்கில் தொடங்கப்பட்ட நுழைவுத் தகுதிப்போட்டி. அதுவரை உரிமம் தேடிய ஆசியர், நுழைவுக் கட்டணமும் செலுத்தி, பரிசுத் தொகையே இல்லாத ஒரு போட்டிக்காக இங்கிலாந்து செல்ல வேண்டியிருந்தது. மும்பையின் இஷ்பிரீத் சிங் சட்டா போன்றோர் இந்தக் கதவின் வழியே உள்ளே வந்தவர்கள். நுழைவுத் தேர்வை பாங்காக்கில் நடத்த முடியுமென்றால், சீனப் போட்டிகளுக்கான தகுதிச்சுற்றில் ஒரு பகுதியையாவது, ஆசியாவில் வசிப்போருக்காக, அங்கே நடத்த முடியாதா?

இடத்தை மாற்றப் பணம் வேண்டும், காலம் பிடிக்கும். செலவே இல்லாத சீர்திருத்தம் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டு உரிமம் இப்போது பருவத்தின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆட்டக்காரர் விசாவுக்காகத் தூதரக வாசலில் நின்றாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. விசா கிடைத்து, அவர் முதல் ஆட்டத்துக்காக மேஜை முன் நிற்கும் நாளிலிருந்து அதை ஓடவிடலாம்.