இருக்கன்குடி மாரியம்மன் நேர்த்திக்கடன்

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்து மாரியம்மனுக்கு, நோயிலும் நொடியிலும் அடிபட்டவர்கள் செலுத்தும் வேண்டுதல். கண்நோய் கண்டவர்கள் கோயிலிலேயே தங்கி, அபிஷேகத் தீர்த்தம் பெற்று வருவார்கள்; இதற்கு ‘வயனம்’ இருத்தல் என்று பெயர். குணமானதும் கண்மலர் (கண் வடிவத் தகடு) சாத்துவார்கள். அக்கினிச்சட்டி, ஆயிரங்கண் பானை, மாவிளக்கு, முடிகாணிக்கையும் உண்டு. ஆடி கடைசி வெள்ளியே இங்கு பெருவிழா. துக்கத்துக்கு ஒரு தேதியும் கைக்கு ஒரு வேலையும் கூடவே ஊர்சனமும் கிடைப்பதுதான் இந்த நேர்த்திக்கடனின் பலம்.

சுற்றுவட்டாரம் பட்டாசு பூமி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளம் பட்டாசு ஆலை விபத்திலும் உயிர்கள் போயின. அத்தகைய சாவுகளுக்கு வேண்டுதல் ஆறுதலாகலாம். ஆலைப் பாதுகாப்புக்கும் இழப்பீட்டுக்கும் ஈடாகாது.