ஏடும் நெஞ்சமும்: முன்னோர் கண்ட இழப்புகள்

தாளில் எழுதுவதா, கைப்பேசியில் சேமிப்பதா என்னும் கேள்வி இன்று நம் இல்லங்களில் பிள்ளைகளின் பாடக் குறிப்பு முதல் ஜும்ஆ பயான் குறிப்பு வரை எழுகின்றது. கருவிதான் புதிது. நெஞ்சில் ஏந்துவதா, ஏட்டில் பதிவதா என்ற விவாதம் இஸ்லாத்தின் முதல் தலைமுறையிலேயே இருந்தது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் (ஸல்) அனுமதி பெற்று எழுதினார்கள். தம் ஏட்டினை ‘அஸ்ஸாதிகா’ என அழைத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களோ எழுதாமல் மனனம் செய்தார்கள். அவர்களுடைய மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் எழுதி வைத்த ஏடு இன்றும் கிடைக்கின்றது.

ஏட்டை நம்பியோர்க்கும் சோதனைகள் நேர்ந்தன. மதீனாவின் பேரறிஞர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 63-இல், ஹர்ராப் போர் நாளன்று, தம் ஃபிக்ஹு நூல்களைத் தாமே எரித்துவிட்டார்கள். தம் குடும்பத்தையும் செல்வத்தையும் விட அந்நூல்கள் தம்மிடம் இருப்பதையே விரும்பியிருப்பேன் என்று பின்னாளில் வருந்தினார்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காவிடில் எழுதியதாகவே ஆகாது என்று தம் மகன் ஹிஷாமுக்கு உணர்த்தியவர்களும் இவர்களே.

எகிப்தின் காழியாக விளங்கிய அப்துல்லாஹ் இப்னு லஹீஆ (மறைவு ஹிஜ்ரி 174) அவர்களின் நூல்கள் தீக்கிரையாயின என்பர். அதன்பின் நினைவிலிருந்து அறிவித்தபோது பிழைகள் நேர்ந்தன. ஆகவே, இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் போன்று முன்னரே கேட்டவர்களின் அறிவிப்புகளுக்கே ஹதீஸ் அறிஞர் பலர் முதன்மை தந்தனர். ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை ஒரு தீ இரண்டாகப் பிளந்துவிட்டது!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றை யாவரும் அறிவோம். ஜுர்ஜானில் கற்றவற்றை எழுதிக்கொண்டு தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் யாவற்றையும் பறித்தனர். குறிப்புகளையாவது தாருங்கள் என்று இமாம் அவர்கள் இறைஞ்சியபோது, பறித்ததும் அறிவே இல்லாமல் போய்விடும் எனில் அதனை எங்ஙனம் கற்றதாகக் கூறுகின்றீர் எனத் தலைவன் நகைத்தான்; பின்னர்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஊர் சேர்ந்த இமாம் அவர்கள் மூன்றாண்டுகள் உழைத்து யாவற்றையும் மனனம் செய்தார்கள்.

இந்நிகழ்ச்சியை எழுத்துக்கு எதிரான சான்றாகச் சிலர் மேடைகளில் கூறுவதுண்டு. அது பொருந்தாது. கட்டு கைக்கு மீண்ட பிறகே அம்மூன்றாண்டு உழைப்பு நிகழ்ந்தது. மனனம் செய்யப்பட்டவையும் அக்குறிப்புகளே. கைப்பேசி தொலைந்தாலும் கடவுச்சொல் மறந்தாலும் நமக்கு நேர்வது ஜுர்ஜான் வழியில் நேர்ந்ததே; கரையான் அரித்த நோட்டுக்கும் அதே கதிதான். ஆதலின், கருவி எதுவாயினும் பிள்ளைகள் எழுதியதற்கு மற்றொரு படி வேறிடத்தில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை அதனை மூடி வைத்துவிட்டு, நினைவில் நிற்பதைச் சொல்லச் சொல்லி நாம் கேட்போம்.