சுடாத மண்கல்லில் ஈரம்

களிமண்ணையும் மணலையும் குழைத்து வெயிலில் காயவைத்தோ, அச்சில் அழுத்தியோ, சூளையில் வைக்காமல் செய்யும் கட்டடக் கல் மண்கல். காய்ந்துவிட்ட கல்லிலும் ஈரம் உண்டு. காற்றில் ஈரப்பதம் கூடினால் களித்துகள்கள் நீராவியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், குறைந்தால் விட்டுவிடும். காற்று சூடேறும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் இறங்குவதால், சித்திரை நடுப்பகலில் சுவர் ஈரத்தை விடும், விடியற்காலையில் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கைச் சுவரே கொடுப்பது மண்வீட்டுக் குளிர்ச்சிக்கு ஒரு காரணம்.

கல் எவ்வளவு ஈரம் வாங்கும் என்பதை வானிலையைவிட மண்ணின் வகையே தீர்மானிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பு வட்டாரத்தில் மலையை ஒட்டிச் செம்மண், கிழக்கே போகப்போகக் கரிசல். கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் களியின் ஏடுகளுக்கு நடுவே நீர் புகுந்து அவற்றை விரிக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிப்பது அதனால்தான். செம்மண்ணில் மிகுந்த கேயோலினைட்டின் ஏடுகள் இறுகப் பிணைந்தவை. ஆகவே ஒரே காற்றில் கரிசல் கல் அதிக ஈரம் ஏற்று உப்பும், செம்மண் கல் அவ்வளவாக அசையாது. கல்லை நிலைப்படுத்தக் கலப்பதற்கு, களி மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பும் மணற்பாங்கான செம்மண்ணுக்குச் சிமெண்டும் பொருந்தும். 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் பரப்பிய அழுத்தக் கற்களில் சிமெண்ட் பெரும்பாலும் 5 விழுக்காடு. சிமெண்ட் இறுக நீர் தேவை என்பதால் ஆடிக்காற்றில் திறந்து போட்ட கல்லின் மேல்முகம் வெளுத்து, ஓரம் விரல் பட்டாலே உதிரும். நான்கு வாரம் சாக்கு மூடி நனைத்து வைப்பது கட்டாயம்.

காற்றின் ஈரமே மண்சுவரைக் கரைத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. ஈரம் ஏறினால் கல்லின் வலு குறையும் என்பது உண்மை. ஆனால் ஜெர்மனியின் காசெல் பல்கலைக்கழகத்தில் கெர்னோட் மின்கே, 95 விழுக்காடு ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்த பச்சைக் கற்களில் ஈரம் எடையில் 5 முதல் 7 விழுக்காட்டைத் தாண்டவில்லை, கற்கள் நிலைகுலையவும் இல்லை என்று பதிவுசெய்தார். சுவரைச் சரிப்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெறிக்கும் நீரும் அடியிலிருந்து ஊறும் நீருமே. கருங்கல் அடித்தளமும் அகன்ற இறவாரமும் இரண்டையும் தடுக்கும். சிமெண்ட் பூச்சு போதாதா என்றால், அது விரிசலில் புகுந்த நீரை வெளியே விடாமல் அடைக்கும்; பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூத்து மண் பொரியும். சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. மண்கற்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1725, 1960இல் வெளிவந்து 1982இலும் 2013இலும் திருத்தப்பட்டது. தரநிலை இருந்தும், இன்று புதுவீடுகள் பெரும்பாலும் சுட்ட செங்கல்லிலும் சிமெண்ட் கல்லிலும் எழுகின்றன.