பைக்காராவில் கூதலடித்தது

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியலை. நடுவுல ஒரு டிசம்பர் கடைசியில குடும்பத்தோட பைக்காரா போயிட்டு வந்தேன். அங்க நடந்த ஒரு சின்ன விஷயம் இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

படகுத்துறையில் இறங்கினதும் எங்கம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு, "ஏல, கூதலடிக்கு, எங்கயாச்சும் உள்ள போயிருவோம்"னாங்க. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பக்கத்துல நின்ன ரெண்டு பசங்க ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிட்டுச் சிரிச்சானுங்க. என் பொண்ணு காதுகிட்ட வந்து, "ஆச்சி ஏன்ப்பா கெட்ட வார்த்தை பேசுறாங்க?"ன்னா.

டீக்கடையில உக்காந்ததும், ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்ததை ஒப்பிச்சா. 'கோல்டு'க்குப் பதிலா கூல், சில்லி, ஃப்ராஸ்ட்டி, ஐஸி, ஃப்ரீஸிங். கூல்னா சுகம், ஃப்ரீஸிங்னா ஓடிரணும். "தமிழ்ல குளிர் மட்டும்தானேப்பா?" இதுக்கு மேல சும்மா இருக்க முடியுமா? கொசுவத்தியைச் சுத்த ஆரம்பிச்சேன்.

முதல் சொல் 'தண்'. தண்ணீர்னாலே குளிர்ந்த நீர்தான். அப்புறம் அதைச் சுட வெச்சு 'சுடுதண்ணி' ஆக்கிட்டோம், காய்ச்சாததை 'பச்சைத் தண்ணி'ன்னோம். வெயில்ல வெந்த சமவெளிக்காரனுக்குக் குளிர்ச்சி வரம். அதனால ராஜாவோட கருணை தண்ணளி, கொடுங்கோல் வெங்கோல். இன்னிக்கும் மனசு குளிருது, கண்ணு குளிருது. அதனாலதான் இங்கிலீஷ்ல இருக்கிற 'கோல்டு' வரவேற்பை 'குளிர்ந்த வரவேற்பு'ன்னு எவனாவது மொழிபெயர்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அது நம்ம ஊர்ல ஆலாத்தி எடுத்த வரவேற்பு சாமி! 'முகம் கொடுத்துப் பேசலை'ன்னு எழுதுங்கய்யா.

காபி குளிராது, ஆறிப்போகும். பயத்துல கை சில்லிட்டுப் போகும், பொணம் விறைச்சுப் போகும். (இங்கிலீஷ் 'சில்' நம்ம 'சில்'லுல இருந்துதான் போச்சுன்னு யாராவது கிளம்பி வராதீங்க. அது அவங்க பழைய ஜெர்மானியச் சொல், 'கோல்டு'க்குச் சொந்தக்காரன்.)

பைக்காரா ஊட்டியிலிருந்து கூடலூர் வழியா மைசூருக்குப் போற ரோட்டுல இருக்கு. கூடலூர்ல ரோடு பிரிஞ்சு கேரளாவுக்கும் போகும். அதனால டீக்கடையில மூணு பாஷையும் கேட்கும். இங்கதான் கூத்து. கன்னடத்துல 'ச்சளி'ன்னா குளிர். அதே சொல் நமக்கு மூக்கொழுகுறது. மலையாளத்துல 'பனி'ன்னா காய்ச்சல். நாமளோ மூடுபனி, உறைபனின்னு எல்லாத்தையும் அந்த ஒரே சொல்லுக்குள்ள போட்டு வெச்சிருக்கோம். பழைய தமிழ்ல பனித்தல்னா நடுங்குதல்னும் அர்த்தம் உண்டு. காய்ச்சல்காரனும் நடுங்கத்தானே செய்வான்?

ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார். இந்தக் குளிர் வெள்ளைக்காரங்களுக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்துச்சு. 1870 வாக்கில் ஊட்டி சென்னை மாகாணத்துக்குக் கோடைத் தலைநகரமாவே ஆயிடுச்சு. அந்த ஆசை நமக்கும் ஒட்டிக்கிச்சு, பேப்பரைத் திறந்தா 'குளுகுளு சீசன்'. ஆனா தேயிலை பறிக்கிறவங்களுக்கும், 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்குற வரைக்கும் மலையில கல்லும் மண்ணும் சுமந்தவங்களுக்கும் இது குளுகுளுவா இருந்திருக்குமா? உறைபனி விழுந்தா இங்க தேயிலை 'கருகிருச்சு'ன்னுதான் சொல்றாங்க. நெருப்புக்குச் சொல்ற அதே சொல்!

சுகமில்லாத அந்தக் குளிருக்குத் தமிழ்ல தனியா ஒரு பேர் உண்டு. அதுதான் கூதிர். தொல்காப்பியம் சொல்ற ஆறு பெரும்பொழுதுல ஒண்ணு, ஐப்பசியும் கார்த்திகையும். நக்கீரரோட நெடுநல்வாடை முழுக்க இந்தக் கூதிர்தான். மாடு மேய்க்கிறவங்க கன்னம் நடுங்க நெருப்புக் காயுறாங்க, மரத்துல உக்கார வந்த பறவை கீழ விழுது, பால் குடிக்க வந்த கன்னைப் பசு உதைக்குது. ஊருக்குள்ள சுருட்டித் தொங்கவிட்ட விசிறியில சிலந்தி வலை. மலையே நடுங்குற மாதிரி ஒரு நடுச்சாமம்னு சொல்றார். பைக்காராவில் ஒரு ராத்திரி தங்கினவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

அந்தக் கூதிரோட ரத்த சொந்தம்தான் எங்கம்மா சொன்ன கூதல். தெக்கத்திச் சீமையிலயும் இலங்கையிலயும் இன்னும் புழங்குற சொல். சென்னையில அதைச் சொன்னா முகம் சுளிக்கிறாங்க. காரணம் வேற ஒண்ணுமில்ல, காதுக்கு இன்னொரு வார்த்தை மாதிரி கேட்குது, அவ்வளவுதான். ரெண்டாயிரம் வருஷத்துக் குடும்பத்துச் சொல், ஒரு வசவோட சாயல் இருக்குன்னு வீட்டை விட்டு வெளிய நிக்குது. நானே காலேஜ் சேர்ந்த முதல் வாரத்துல அதைச் சொல்லி, ஹாஸ்டலே சிரிச்சதுல விட்டவன்தான். அதனால அந்தப் பசங்களைத் திட்ட எனக்கு வாயில்லை.

இதெல்லாம் சொன்னதும் பொண்ணு, "அப்போ அது கெட்ட வார்த்தை இல்லையா?"ன்னா. இல்லைம்மான்னேன். ஆச்சி பக்கம் திரும்பி லேசாச் சிரிச்சா. அம்மா டீ டம்ளரை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டு ஏரியையே பார்த்துட்டிருந்தாங்க. அவங்களுக்குக் காது நல்லாவே கேட்கும்.

அதுக்கப்புறம் ஊட்டியில ரெண்டு நாள் இருந்தோம். ரெண்டு நாளும் அம்மா "குளுருது"ன்னுதான் சொன்னாங்க.