குற்றஞ்சாட்டப்பட்டார் பக்கத்துத் துறைவல்லார்: மதுரை வழக்கும் காஞ்சி வழக்கும்

பொருட்சான்றை ஆராய்ந்து வழக்கைத் தீர்க்கும் முறை மேனாட்டார் வரவால் வந்ததெனக் கருதுவார் உளர். நம் இலக்கியங்கள் வேறு காட்டுகின்றன. ஈண்டு இரண்டினை நோக்குவோம்.

சிலப்பதிகாரத்தில் கோவலன்மேல் குற்றஞ்சாட்டியவன் பொற்கொல்லன். சிலம்பின் இயல்பறிந்த துறைவல்லான் அவனே. அதனைக் கவர்ந்தவனும் அவனே. கோவலனது தோற்றங்கண்டு 'இவன் கள்வனல்லன்' எனக் காவலர் ஐயுற்றனர். அப்பொழுது மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் களவிற்குத் துணையாவன எட்டினை நூன்முறையால் விரித்துரைத்து அவ்வையத்தை அவன் அடக்கினான். மறுத்துரைக்க வல்லார் கோவலன் பக்கத்தில் ஒருவரும் இலர். பின்னர்க் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். பாண்டியன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான். சிலம்பு உடைபட்டது, உண்மை வெளிப்பட்டது. சோதனை செவ்விதே, ஆயின் அதற்கு முன்பே கோவலன் கொலையுண்டான்.

இனிக் காஞ்சிக்கு வருவோம். முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசம்' இந்நகரத் தெருக்களில் நிகழும் நகைநாடகம். கபாலத்தை இழந்த காபாலிகன் பௌத்தத் துறவியைக் கள்வன் என்கின்றான். துறவி தன் பாத்திரத்தைக் காட்டி நிறவேறுபாட்டைச் சுட்ட, நிறத்தை மாற்றுவதில் அவன் வல்லவன் என்று அதனையே காபாலிகன் குற்றமாக்குகின்றான். மன்றத்திற்குச் செல்லலாம் என்ற பேச்சு எழுந்ததும், பொருளுடைய துறவி மன்றத்தார் வாயை அடைத்துவிடுவான் எனக் காபாலிகனின் துணைவி அஞ்சுகின்றாள். இறுதியில் நாயிடமிருந்து கபாலத்தைப் பெற்ற பித்தன் ஒருவனால் உண்மை விளங்குகின்றது. வழக்கைத் தீர்த்தது ஆராய்ச்சியன்று, தற்செயலே.

சென்னையில் 1849இல் இரசாயன ஆய்வுக்கூடம் அமைந்தது. 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வல்லுநர் கருத்தை ஏற்றது. அவ்விதி இன்று 2023ஆம் ஆண்டுப் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 39ஆம் பிரிவாக உள்ளது. அரசுத் தரப்பு வல்லுநர், எதிர்த்தரப்பு வல்லுநர் என்ற வேறுபாடு அதிற் காணப்படவில்லை. எனினும், அரசு அறிவியல் வல்லுநர் சிலரின் அறிக்கையை, அவரை நேரில் உசாவாமலே சான்றாகக் கொள்ளப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 329ஆம் பிரிவு இடந்தருகின்றது; அவரை அழைப்பதும் அழையாமையும் மன்றத்தின் விருப்பம். அறிக்கையிலுள்ள குறையை எடுத்துக்காட்டினாலன்றி அழைக்க வேண்டுமென வற்புறுத்துதல் அரிது; குறையைக் காணவோ துறையறிவு வேண்டும்.

முத்திரை சிதையாது பொருள் வந்ததா, சோதனைமுறை தக்கதா, முடிபு சான்றின் அளவைக் கடந்ததா என ஆராய்வதே எதிர்த்தரப்பு வல்லுநரின் பணி. குற்றவாளியைத் தப்புவித்தல் அவர் கடனன்று. அவரும் கூலிக்கு உரைப்பாராயின் பொற்கொல்லனுக்கு ஒப்பாவார்.

வறியார்க்கு இலவசச் சட்ட உதவி 1976இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 39அ உறுப்பால் நெறியாக்கப்பட்டது. அவ்வுதவி வழக்கறிஞரோடு நில்லாது வல்லுநரையும் தருதல் வேண்டும் என்பதே நம் துணிபு. சிலம்பை உடைக்க வேண்டிய காலம் தண்டனைக்கு முன்னதேயாகும்.